மலையில் லிஃப்டிங் சூப்பர்வைசர் ஆவது எப்படி: ஆவணம், செலவு, நாள் கணக்கு

நீலகிரியில் மஞ்சூருக்குக் கீழே ஒரு நீர்மின் குழாய்ப் பாதை வேலையில், கிரேனில் சுமையைக் கட்டும் ரிக்கராகச் சேர்ந்தவன் நான். கிரேன் சுமை தூக்குவதைக் கூடவே நின்று மேற்பார்க்கும் லிஃப்டிங் சூப்பர்வைசருக்கான சான்றிதழ் கைக்கு வர எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதில் வகுப்பு மூன்று நாள், தேர்வு ஒரு நாள். மற்றதெல்லாம் அலைச்சல். தப்பான ஆளிடம் பணம் கட்டினேன், இனிஷியல் பொருந்தாமல் திரும்பி வந்தேன், அனுபவச் சான்று கேட்டு மூடிக் கிடந்த ஒப்பந்ததாரர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். வரிசை தெரிந்திருந்தால் மூன்று நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். குந்தா, எமரால்டு, கெத்தை, கூடலூர் பக்கம் ரிக்கராகவும் ஹெல்பராகவும் இருக்கும் தம்பிகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நினைப்பவன் நான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1. வேலை என்ன என்பதில் தெளிவாக இருங்கள்

ஆபரேட்டருக்கு மேலே ஒரு மேஸ்திரி என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி இல்லை. கிரேனை இயக்குவது ஆபரேட்டர் பொறுப்பு. சுமையைக் கட்டுவது ரிக்கர் பொறுப்பு. சைகை காட்டுவது சிக்னல்மேன். எந்தக் கிரேன், எங்கே நிற்கும், எவ்வளவு நீளம் பூம் (கிரேனின் கை), எத்தனை மீட்டர் ரேடியஸ் (கிரேன் சுழலும் மையத்திலிருந்து சுமை வரையுள்ள தூரம்) என்று காகிதத்தில் திட்டம் போடுபவர் பெரும்பாலும் ஒரு பொறியாளர். அந்தத் திட்டம் தரையில் அப்படியே நடக்கிறதா என்று கூடவே நின்று பார்ப்பவர் லிஃப்டிங் சூப்பர்வைசர். திட்டம் ஒரு இடத்தில் மாறினாலும் வேலையை நிறுத்த வேண்டியவர் அவர்தான்.

தூக்குவதற்கு முன் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேச வேண்டும். தரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். சுமையைக் கட்டும் சிலிங், அதை இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிள் எல்லாவற்றையும் ஒருமுறை தன் கண்ணால் பார்க்க வேண்டும். சுமை கொக்கியிலிருந்து கழன்று தரையில் பத்திரமாக உட்காரும் வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

சின்ன சைட்டுகளில் ஆள் குறைவு. "நீயே சிக்னலும் காட்டிடு, நீயே டேக் லைனையும் பிடிச்சுக்கோ" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். டேக் லைன் என்பது சுமை சுழலாமல் பிடிக்கும் கயிறு. அதைப் பிடித்து இழுக்கும்போது உங்கள் கண் சுமையின் மேல்தான் இருக்கும். கிரேனைத் தாங்கும் காலான ஜாக்கி மண்ணில் இறங்குவதை அப்போது யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

2. எந்தச் சான்றிதழ், எங்கே செல்லும்

இந்தியாவில் கிரேன் ஓட்டுபவருக்கு வாகன உரிமம் கேட்பதுபோல, லிஃப்டிங் சூப்பர்வைசருக்கென்று அரசு தரும் ஒற்றை லைசென்ஸ் கிடையாது. இதைத் தெரியாமல்தான் நான் ஆறு மாதம் வீணாக்கினேன். "கவர்மென்ட் லைசென்ஸ் வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் மூன்று வகை இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் நிறுவனமே பயிற்சி கொடுத்துத் தரும் சான்று முதல் வகை. அந்த நிறுவனத்தின் சைட்டுக்குள் அது செல்லும், வேறு இடத்தில் பெரும்பாலும் செல்லாது. மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனங்கள் தேர்வு வைத்துத் தருவது இரண்டாவது. பெரிய ஒப்பந்த வேலைகளில் கேட்பது இதைத்தான். மூன்றாவது, அந்தந்த நாட்டுக்கென்று உள்ளது. சிங்கப்பூருக்கு அந்த நாட்டு அரசு ஏற்கும் பயிற்சி, பிரிட்டனுக்கு அங்கே வழங்கும் கார்டு. ஒன்று இருந்தால் மற்றதுக்குப் போதும் என்று எண்ண வேண்டாம்.

அதனால் பணம் கட்டும் முன் நீங்கள் போக நினைக்கும் சைட்டின் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யார் கொடுத்த சான்றிதழை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள்?" பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. அனுபவத்தைக் காகிதமாக மாற்றுங்கள்

வகுப்பில் சேர இரண்டு மூன்று ஆண்டு ரிக்கர் அனுபவம் கேட்பார்கள். நம்மிடம் அனுபவம் கையில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. ஒப்பந்ததாரருக்குக் கீழே இன்னொரு துணை ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே நாம். வேலை முடிந்ததும் அவர்கள் வண்டியேறிப் போய்விடுவார்கள்.

எனக்குக் கைகொடுத்தது பி.எஃப். கணக்கு. யு.ஏ.என். எண் இருந்தால் உமங் செயலியிலேயே எந்த நிறுவனத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்ற பணி வரலாறு கிடைக்கும். அதை அச்செடுங்கள். சம்பளச் சீட்டு, சைட் கேட் பாஸ், இ.எஸ்.ஐ. அட்டை, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை என்று இருப்பதையெல்லாம் சேர்த்து ஒரே கோப்பாக வையுங்கள். இவற்றோடு சைட் பொறியாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் இருந்தால் போதும். அந்தக் கடிதத்தில் "நல்ல பையன், கடின உழைப்பாளி" என்பதற்கெல்லாம் மதிப்பில்லை. எத்தனை டன் கிரேனில், என்ன மாதிரி சுமை, எத்தனை மாதம் என்று இருக்க வேண்டும்.

கடிதத்தை வேலை நடக்கும்போதே வாங்கிவிடுங்கள். பொறியாளர் வேறு சைட்டுக்கு மாறிய பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது பெரிய பாடு.

4. பெயரும் இனிஷியலும்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். என்னை இரண்டு மாதம் தாமதப்படுத்தியது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். சான்றிதழ் அச்சடிக்கும் கணினிக்கு மூன்று ஆள்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சான்றிதழில் பெயர் வர வேண்டும். பாஸ்போர்ட் இல்லை என்றால் முதலில் அதை எடுங்கள். நீலகிரி மாவட்டம் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் அதோடு 2,000 ரூபாய் சேரும். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்தச் சான்றிதழைக் கண்டிப்பாகக் கொண்டு போங்கள். அது இல்லாமல் எடுத்தால் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை பாஸ்போர்ட்டாக வந்துவிடும், வளைகுடாவுக்குப் போகும்போது ஒரு படி கூடும்.

5. உடல் தகுதி

பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், காது, ரத்த அழுத்தம், தலைசுற்றல். இவ்வளவுதான் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டால் தவறில்லை, கண்ணாடியோடு சரியாகத் தெரிந்தால் போதும். சான்று ஓராண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள், அதனால் வகுப்புத் தேதி உறுதியான பிறகு எடுங்கள். நான் முன்கூட்டியே எடுத்து, அது பழசாகி, மறுபடி எடுத்தேன்.

6. பயிற்சி நிலையமும் பணமும்

மலைக்கு மேலே இதற்கான வகுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. கோவை, திருச்சி, சென்னை என்று கீழேதான் இறங்க வேண்டும். மஞ்சூரிலிருந்து தினமும் போய்வருவது நடக்காது. கோவையில் நான்கு இரவு தங்கினேன்.

நான் முதலில் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். சமவெளியில் ஒருவர், "வகுப்புக்கே வர வேண்டாம், போட்டோவும் ஆதாரும் அனுப்பினால் போதும், பத்து நாளில் கார்டு வீட்டுக்கு வரும்" என்றார். கார்டும் வந்தது. பார்க்க அழகாக, பளபளவென்று இருந்தது. ஒரு சைட்டில் பாதுகாப்பு அதிகாரி அந்த எண்ணை வழங்கிய நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தார். அப்படி ஒரு எண்ணே இல்லை. என் முன்னாலேயே, "தம்பி, இதை நான் ஏற்க முடியாது. இதை வைத்துக்கொண்டு நீ ஒரு லிஃப்ட் செய்து யாருக்காவது ஏதாவது ஆனால் முதலில் உள்ளே போவது நீதான்" என்றார். அன்றைக்கு அவர் மேல் கோபம் வந்தது. இன்றைக்கு நன்றி சொல்கிறேன்.

சேரும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வில் செய்முறை உண்டா, எழுத்து மட்டுமா? செய்முறை இல்லாத சான்றிதழை நான் பரிந்துரைக்க மாட்டேன். சான்றிதழ் எண்ணை இணையத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடியுமா? எத்தனை ஆண்டு செல்லும்? இரண்டு அல்லது மூன்று ஆண்டுதான் பெரும்பாலும். சொல்லும் கட்டணத்தில் ஜி.எஸ்.டி., கார்டு, மறுதேர்வு எல்லாம் அடங்குமா? தமிழில் நடத்துவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பாடம் புரியாமல் தேறிவிட்டு வந்து பூமுக்குக் கீழே நிற்பதால் யாருக்கும் பயனில்லை.

என் கணக்கு இப்படி வந்தது: பயிற்சியும் தேர்வும் 9,500 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,710 ரூபாய். தங்கலும் சாப்பாடும் சேர்த்து 4,000 ரூபாயை ஒட்டி. மருத்துவச் சான்று இரண்டு முறை. இவற்றோடு ஆறு நாள் கூலி போனது. இடத்துக்கு இடம் கட்டணம் மாறும், ஆனால் கூலி இழப்பையும் தங்கும் செலவையும் சேர்க்காமல் கணக்குப் போட்டால் பாதி வழியில் கடன் வாங்க வேண்டி வரும்.

7. தேர்வுக்கு எதைப் படிப்பது

எழுத்துத் தேர்வில் பயப்பட ஒன்றுமில்லை, கணக்கு மட்டும் கைவர வேண்டும். மூன்று கணக்குகள் போதும்.

முதலாவது சுமையின் எடை. எஃகு ஒரு கன மீட்டர் 7,850 கிலோ, கம்பி கட்டிய கான்கிரீட் ஏறத்தாழ 2,500 கிலோ. நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 3 மீட்டர், தகடு 20 மி.மீ., நீளம் 2.5 மீட்டர் உள்ள ஒரு குழாய்த் துண்டு. தகட்டின் நடு விட்டம் 3.02 மீட்டர். சுற்றளவு 9.49 மீட்டர். அதை 0.02-ஆலும் 2.5-ஆலும் 7,850-ஆலும் பெருக்கினால் சுமார் 3,720 கிலோ. அதோடு நிறுத்திவிடாதீர்கள். கொக்கி பிளாக், சிலிங், ஷாக்கிள், சிலிங் கால்களைப் பிரித்து வைக்கும் ஸ்பிரெடர் பீம் இருந்தால் அதுவும் கிரேனுக்குச் சுமைதான். அவற்றைக் கூட்டினால் 4 டன்னைத் தாண்டிவிடும். தேர்வில் பாதிப் பேர் மார்க்கை விடுவது இங்கேதான்.

இரண்டாவது சிலிங் கோணம். 4 டன் சுமையை இரண்டு கால் சிலிங்கில் தூக்குகிறோம். சிலிங் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் 2.31 டன். 45 பாகை என்றால் 2.83 டன். 30 பாகைக்கு இறங்கினால் ஒரு காலே முழு 4 டன்னைத் தாங்க வேண்டும். "ரெண்டு கால் இருக்கே, பாதிப் பாதி" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது லோடு சார்ட், அதாவது எந்த ரேடியஸில் கிரேன் எவ்வளவு தூக்கும் என்று காட்டும் அட்டவணை. 25 டன் கிரேன் என்றால் 25 டன் தூக்கும் என்று அர்த்தமில்லை. அது பூமைக் குறுக்கி, மிகக் குறைந்த ரேடியஸில், ஜாக்கி முழுதாக விரித்து நிற்கும்போது உள்ள அளவு. ரேடியஸ் கூடக் கூடச் சடசடவென்று குறையும். ரேடியஸை டேப் வைத்து அளக்கப் பழகுங்கள், குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். அளக்க வேண்டியது பூமின் அடிமுனையிலிருந்து அல்ல, கிரேன் சுழலும் மையத்திலிருந்து.

மனப்பாடம் செய்ய வேண்டிய சில எண்களும் உண்டு. பெல்ட் சிலிங் நிறம்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10. கம்பிக் கயிற்றின் விட்டத்தைப் போல 8 மடங்கு நீளத்தில் மொத்தக் கம்பிகளில் 10 சதவீதத்துக்கு மேல் அறுந்திருந்தால் அந்தக் கயிறு கழிவு. சோதனைச் சுமை: 20 டன் வரை உள்ள கிரேனுக்கு 25 சதவீதம் கூடுதல், 20 முதல் 50 டன் வரை 5 டன் கூடுதல், அதற்கு மேல் 10 சதவீதம் கூடுதல்.

செய்முறையில் அவசர நிறுத்தச் சைகையைத் தயங்காமல் காட்டுங்கள். இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை தரையைப் பார்க்க. அந்தச் சைகையை யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்த வேண்டும் என்பது விதி, ஹெல்பர் காட்டினாலும்.

8. நியமனக் கடிதம் வாங்காமல் முதல் லிஃப்ட்டைத் தொடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

உண்மையான சான்றிதழ் வாங்கி வந்த புதிதில், ஒரு துணை ஒப்பந்ததாரரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஹெல்மெட்டில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். காகிதம் எதுவும் தரவில்லை. மூன்றாம் வாரம், பழைய தேயிலைத் தோட்டச் சரிவில் மண் போட்டு நிரப்பிச் சமன் செய்த இடத்தில் கிரேன் நின்றது. இரண்டு குழாய்த் துண்டு இறக்கியாயிற்று. மூன்றாவது கொக்கியில் தொங்கும்போது பள்ளத்துப் பக்க ஜாக்கி நான்கு விரல் அளவு மண்ணில் இறங்கியதைப் பார்த்தேன். "இறக்குங்க அண்ணே" என்றேன். ஃபோர்மேன், "தம்பி, இந்த ஒண்ணுதான், முடிச்சுட்டு நிறுத்திக்கலாம்" என்றார். ஆபரேட்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "யார் சொல்றதை நான் கேக்கணும்?"

என்னிடம் காட்ட ஒரு காகிதம் இல்லை. நல்ல மனிதர், சுமையை ஏறிய வழியே இறக்கினார். இறக்கி முடித்து மண்ணைக் கிளறிப் பார்த்தபோது அடியில் தோட்டத்தின் பழைய வடிகால் குழி இருந்தது. அவர் ஃபோர்மேன் பேச்சைக் கேட்டிருந்தால் கிரேன் சரிவில் உருண்டிருக்கும். கீழே நான்கு பேர் வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள்.

கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: உங்கள் பெயர், எந்த சைட், எந்தத் தேதி முதல், எந்தக் கிரேன்கள். எந்த லிஃப்ட்டையும் நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, நிறுத்தியதற்காக நடவடிக்கை எடுக்கப்படாது என்ற வரி. சைட் பொறுப்பாளர் கையெழுத்து, முத்திரை. ஒரு நகலை ஆபரேட்டர் கேபினில் ஒட்டச் சொல்லுங்கள். "அப்புறம் தர்றோம்" என்றால், கடிதம் வரும் வரை ரிக்கராகவே வேலை பாருங்கள். கூலி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

9. கிரேன் சைட்டுக்குள் வந்ததும்

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று, ஆபரேட்டர் உரிமம் இவற்றைக் கேட்டில் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தகுதி பெற்ற ஆய்வாளர் கொடுத்த சோதனைச் சான்று. தூக்கு கருவியை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுமையாக ஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று குனிந்து பாருங்கள். வேறு கிரேனின் சான்றை நீட்டுவதை நான் இரண்டு முறை பிடித்திருக்கிறேன். சுமை அளவை மீறினால் எச்சரிக்கும் சேஃப் லோடு இண்டிகேட்டர் வேலை செய்கிறதா, யாராவது பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். லேபிள் இல்லாத சிலிங், வேறு பின் (ஆணி) மாற்றிப் போட்ட ஷாக்கிள் இரண்டையும் அங்கேயே ஒதுக்கிவிடுங்கள்.

மலைக்கே உரிய ஒரு கண்ணி இது. திட்டத்தில் 40 டன் கிரேன் என்று இருக்கும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடை இறங்கும் பாதையில் 43. வளைவில் திரும்பாது என்று சொல்லி 25 டன் வண்டியை அனுப்பிவிடுவார்கள். "சுமை 4 டன்தானே, போதும்" என்பார்கள். கிரேன் மாறினால் பழைய திட்டம் செல்லாது. புது லோடு சார்ட்டை வைத்து மறுபடி கணக்குப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அரைநாள் போகும்.

ஹைட்ராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமையைத் தொங்கவிட்டபடியே ஓடும் வண்டி அது, சமதளத்துக்கென்று செய்தது. மலைச் சாலையின் சரிவில் சுமையோடு அதை ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வண்டிக்கு முன்னால் சுமையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கும் ரிக்கர்தான் அடிபடுவார்.

10. மலையில் தரை, காற்று, மூடுபனி

லோடு சார்ட்டெல்லாம் சமதளத்தில் நிற்கும் கிரேனுக்கு எழுதியவை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் சாய்வு 1 சதவீதம், அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. நம் மலையில் அப்படி ஒரு இடம் தானாகக் கிடைக்காது, வெட்டிச் சமன் செய்ய வேண்டும். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. கிரேன் வரும் தேதியைச் சொல்வதற்கு முன் அந்த அனுமதி கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது அனுமதிக்காகக் காத்திருந்தால், தளம் சரியில்லாமலே "இப்படியே தூக்கிடலாம்" என்ற பேச்சு வரும்.

வெட்டிய மண்ணில் நிறுத்துங்கள், நிரப்பிய மண்ணில் நிறுத்தாதீர்கள். கணக்கு இதுதான்: 24 டன் எடையுள்ள கிரேன், 4 டன் சுமை, கூட்டினால் 28. பூம் ஒரு ஜாக்கியின் மேலே வரும்போது அதில் முக்கால் பங்கு, 21 டன் வரை, அந்த ஒற்றை ஜாக்கியில் இறங்கலாம். அடியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரப்பலகை மேட் போட்டால் சதுர மீட்டருக்கு 21 டன். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை போட்டால் 9 டன் சொச்சம். மேட் பெரிதாவது எவ்வளவு வித்தியாசம் செய்கிறது பாருங்கள். இரண்டு செங்கல்லும் ஒரு ஸ்லீப்பர் துண்டும் வைத்து ஒப்பேற்றுபவர்களை அனுமதிக்காதீர்கள். பள்ளத்தின் விளிம்பிலிருந்து கெட்டி மண்ணிலேயே பள்ளத்தின் ஆழத்துக்குக் குறையாத தூரம் தள்ளி நிறுத்துங்கள், இளகிய மண் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு.

மழைக்குப் பிறகு எல்லாம் மாறும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, அந்த மாதிரி மழை பார்க்கும் மலை இது. நேற்று தாங்கிய தரை இன்று தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சுமையில்லாமல் பூமை நான்கு மூலைக்கும் சுழற்றி ஜாக்கியைப் பார்த்துவிட்டுத்தான் நான் தொடங்குகிறேன்.

காற்றுக்கு அளவுகோல் உங்கள் கிரேனின் லோடு சார்ட்டில் இருக்கும், வினாடிக்கு 10 மீட்டரை ஒட்டி, அதாவது மணிக்கு 36 கி.மீ.யில் பலவற்றில் நிறுத்தச் சொல்வார்கள். அகலமான தகடு, ஷட்டரிங் பலகை என்றால் அதற்கும் கீழேயே நிறுத்த வேண்டும். தரையில் நின்று பார்த்தால் காற்று குறைவாகத் தெரியும், பூம் உச்சி பள்ளத்தாக்கின் வாய்க்கு நேரே இருக்கும். காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் உச்சியில் இருக்க வேண்டும்.

மூடுபனிக்கு என் விதி எளிது. சிக்னல்மேனுக்குச் சுமையும் ஆபரேட்டரும் ஒருசேரத் தெரியவில்லை என்றால் நிறுத்தம். "வாக்கி டாக்கி இருக்கே" என்பார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் போனால் சில இடங்களில் வாக்கி டாக்கி எடுக்காது. அதைப் பயன்படுத்தும்போதும் சிக்னல்மேன் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று. குரல் நின்றால் கிரேனும் நிற்க வேண்டும். பெரிய லிஃப்ட்டுகளைக் காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி காலையில் மேட் மேல் உறைபனி படிந்து வழுக்கும், மதியத்துக்குப் பிறகு மூடுபனி மேலேறி வரும்.

மின்கம்பி பற்றி ஒரே வார்த்தை: குந்தா பக்கம் திரும்பிய இடமெல்லாம் 110, 230 கே.வி. லைன்கள். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் 50 கே.வி. வரை 3 மீட்டர், 200 வரை 4.6 மீட்டர், 350 வரை 6.1 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அந்தத் தூரம் கிடைக்காது என்றால் மின்வாரியத்தில் எழுத்தில் எல்.சி. (லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டதற்கான லைன் கிளியர்) வாங்கிய பிறகுதான் பூமை எழுப்ப வேண்டும். போனில் சொன்ன எல்.சி. செல்லாது.

11. கடல் கடந்து போக நினைப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் 2011-இல் வந்த கிரேன் இயக்க விதிகளின்படி லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் மூவரையும் முறைப்படி நியமிக்க வேண்டும், எழுதிய லிஃப்டிங் பிளான் இருக்க வேண்டும், லிஃப்ட் நடக்கும்போது சூப்பர்வைசர் அங்கேயே இருக்க வேண்டும். இங்கே வாங்கிய சான்றிதழ் அங்கே அனுபவத்துக்கு அடையாளமாகத்தான் உதவும், அங்கே ஏற்கப்பட்ட பயிற்சியை மறுபடி முடிக்க வேண்டும். பிரிட்டனில் கட்டுமான இயந்திர வேலைக்கான சி.பி.சி.எஸ். கார்டில் ஏ40 சிலிங் கட்டிச் சைகை காட்டுபவர், ஏ62 சூப்பர்வைசர், ஏ61 திட்டம் போடுபவர். பயிற்சி முடித்தவருக்கான சிவப்பு கார்டு 2 ஆண்டு, திறனை நிரூபித்தவருக்கான நீலம் 5 ஆண்டு செல்லும்.

வளைகுடாவுக்கு ஏஜென்ட் மூலம் போவதானால் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவரது பதிவு எண்ணைப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் ரசீது கேளுங்கள், அங்கேயே தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் பதவி "லிஃப்டிங் சூப்பர்வைசர்" என்று இருக்கிறதா, "ஹெல்பர்" என்று இருக்கிறதா என்பதையும் விமானம் ஏறும் முன் படியுங்கள்.

12. நாள் கணக்கும் புதுப்பித்தலும்

பாஸ்போர்ட் இருந்தால்: அனுபவக் கோப்பு தயாரிக்க மூன்று வாரம், பெயர்த் திருத்தம் இருந்தால் அதோடு ஒரு மாதம், வகுப்பில் இடம் கிடைக்க இரண்டு மூன்று வாரம், வகுப்பும் தேர்வும் நான்கு நாள், சான்றிதழ் கைக்கு வர இரண்டு வாரம். செய்த ஒவ்வொரு லிஃப்ட்டையும் ஒரு நோட்டில் தேதி, எடை, ரேடியஸ், கிரேன் என்று எழுதி வையுங்கள். புதுப்பிக்கும்போது அதைத்தான் கேட்கிறார்கள், என் நோட்டில் இப்போது 400 வரிகளுக்கு மேல் இருக்கின்றன.

காலாவதிக்கு 60 நாள் முன்பே புதுப்பிக்கும் வகுப்புக்குப் பதிவு செய்யுங்கள். அக்டோபர், நவம்பரில் தேதி வாங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றைக்குக் கோவை போய்ச் சேர முடியாது, தவறவிட்ட தேர்வுக்குக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இறங்கிவிட்டு வாருங்கள்.